பேராசிரியர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்த தாம்பூலத் தட்டு

1

நான் ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கூடப் பிறந்த அக்கா செல்லம்மாளே நம்பவில்லை. பாடாலூரில் மெயின் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். போனில் சொன்னதும் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்த்தார்களாம்.

"ஏன்டா, தூக்கத்துலயே ஊர்க்கதை பேசுற ஆளு நீ. நீயாவது, சும்மா இருந்தியாவது!"

இந்த மாசி வந்தால் அது நடந்து ஒரு வருஷம். ஒரு வருஷமாக அக்கா இதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறது. வாயால் சொன்னால்தானே நம்பமாட்டாய், எழுதியே காட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாலிகண்டபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர்தான் எனக்கு. எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் நட்டு, களை வெட்டி, அறுத்து, அது விலை ஏறும்வரை காற்றாட வைக்கப் பட்டறை கட்டிக் கொடுத்த குடும்பம். நான் கட்டிய பட்டறையில் ஒரு காய் அழுகியது என்று எவனும் சொன்னதில்லை. லெப்பைக்குடிக்காட்டு அனிபா பாய்தான் என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கைக்கு இந்த ஊரு பத்தாது" என்று வளைகுடாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தார். அங்கேயிருந்து ஸ்பெயின் நாட்டுக்கு வந்த கதையைச் சொன்னால் சினிமாவே எடுக்கலாம். அதை விடுங்கள்.

இப்போது இருப்பது ஸ்பெயினில் கத்தலோனியா என்கிற பகுதி. இங்கே பேசுவது ஸ்பானிஷ் மட்டும் இல்லை, கத்தலான் என்று தனி மொழி. கடலிலிருந்து சற்றுத் தள்ளி வால்ஸ் என்ற ஊர்ப் பக்கம் எனக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது. ஆமாம், சொந்த நிலம். நான் என்ன விளைவிக்கிறேன் தெரியுமா? வெங்காயம்தான்.

2

இந்த ஊர் வெங்காயத்துக்கு கல்சோட் என்று பெயர். ஒரு முறை விளைந்த வெங்காயத்தை எடுத்துத் திரும்ப நடுவார்கள். தாள் மேலே வர வர மண் அணைத்துக்கொண்டே போக வேண்டும். மண்ணுக்குள் இருக்கிற தண்டு வெளுத்து, நீண்டு, இனிப்பாகிவிடும். குளிர்காலத்தில் பிடுங்கி, திராட்சைக் குச்சி நெருப்பில் கரியாகச் சுட்டு, கருகிய தோலை உருவி, குழம்பில் தோய்த்து, தலையை அண்ணாந்து தின்பார்கள். பெரிய பெரிய ஆபீசர்கள்கூடக் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி வாயெல்லாம் வழிய வழிய.

மண் அணைப்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலையா? வந்த இரண்டாவது பருவத்திலேயே என் வரிசையைப் பார்க்கப் பக்கத்து நிலத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். மூலையில் ஒரு பாத்தியில் நம் ஊர்ச் சின்ன வெங்காயமும் போட்டேன். இந்தப் பக்கம் அதை முளைக்க வைத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

மனைவி வசந்தா அரியலூர்க்காரி. சிமெண்ட் லாரிப் புழுதியில் வளர்ந்தவள் என்பதால் எதற்கும் அசரமாட்டாள், என்னைத் தவிர. ஒரே மகள் மதுரா. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனை வேண்டிக்கொண்டதில் பிறந்தவள். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். பேசினாள். ஆனால் சில நேரம் பேச்சு கொஞ்சம் புரண்டு வரும். "குடுங்கப்பா எனக்கு தண்ணி" என்பாள். "சொன்னேன் நான் அம்மாகிட்ட" என்பாள்.

"எனக்குத் தண்ணி குடுங்கன்னு சொல்லு. வண்டிக்குப் பின்னால மாட்டக் கட்டாத" என்று திருத்துவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. அவளும் திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த நாள் பழையபடி பின்னால் கட்டுவாள்.

அந்தப் பெண் வளர்ந்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போனபோது, எடுத்த விஷயம் என்ன என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

3

அக்கா போனில் கேட்டது: "புள்ள இத்தனை வருஷமா என்னதான்டா படிக்குது?"

"எனக்கு, உனக்கு, அவனுக்குன்னு சொல்றோமே, அதெல்லாம் இந்த ஊரு பேச்சுல எங்க குந்துதுன்னு பார்க்குதுக்கா. பல நூறு வருஷத்துக்கு முன்னால எங்க குந்துச்சு, இப்ப எங்க குந்துதுன்னு."

"குந்தட்டுமே. யாரு வூட்டு எடம்?"

"அதுக்கு டாக்டர் பட்டம் தர்றாங்க."

"குந்துறதுக்கா?"

அக்காவுக்கு நான் சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்து, அன்று கல்சோட் கட்டுக் கட்டும்போது மதுராவை உட்கார வைத்துக் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். அவளும் கட்டுக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"கத்தலான்ல 'லி'ன்னா அவனுக்குன்னு அர்த்தம்ல? அந்தக் காலத்துல 'லி'யில வாக்கியத்த ஆரம்பிக்கவே மாட்டாங்கப்பா. 'சொன்னான் அவனுக்கு'ன்னுதான் எழுதுவாங்க. அந்தச் சின்ன வார்த்தைக்குத் தனியா முன்னால நிக்கத் தெம்பு கிடையாது. முன்னால 'இல்ல'ங்கிற மாதிரி வேற ஒரு வார்த்த நின்னாத்தான் அதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வினைக்கு முன்னால வரும். இப்ப அப்படி இல்ல. 'அவனுக்குச் சொன்னான்'னு 'லி'தான் மொதல்ல வருது."

"எப்பவுமா?"

"கட்டளை போட்டா மட்டும் இன்னிக்கும் பழைய எடந்தான். 'குடு எனக்கு'. இன்னொண்ணு கேளுங்க. சொல்வேன்ங்கிற வார்த்தையையே ரெண்டாப் பொளந்து நடுவுல உங்களுக்குன்னு வைப்பாங்க. தமிழ்ல சொன்னா, 'சொல்-உங்களுக்கு-வேன்'. அது இப்ப சுத்தமாப் போயிடுச்சு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்படின்னா இது பஸ்ஸுல சீட்டு மாறுன கதை."

மதுரா சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட அப்படித்தான்பா. என்ன, யாரு எப்ப எழுந்தா, யாரு எப்ப உட்கார்ந்தான்னு பஸ்ஸுல இருந்த யாருக்குமே தெரியாது. அதத்தான் நான் பழைய எழுத்துல தேடிக்கிட்டு இருக்கேன்."

கண்டக்டர் வேலை என்று நினைத்துக்கொண்டேன். என் மகள் பார்த்தால் அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கும்.

4

படித்து முடித்தாயிற்று. கடைசியாக ஒரு தேர்வு. மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். சொந்தபந்தமும் போய்ப் பார்க்கலாம். அது முடிந்து பட்டம் கைக்கு வந்தால் அந்த வசந்தத்திலேயே ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை காத்திருந்தது. தேர்வு தள்ளிப்போனால் வேலை வேறு ஆளுக்கு.

"அந்த மூணு பேரையும் போயி அழைச்சியா?" என்று அக்கா கேட்டது.

"காலேஜே கூப்புட்டிருக்கும்க்கா."

"காலேஜாடா புள்ளையப் பெத்துச்சு? காது குத்தறதுக்கே தட்டு வச்சு அழைக்கிறோம். புள்ளைக்குப் பட்டம் குடுக்கிறவங்களப் போன்லயும் தபால்லயும் கூப்புட்டுட்டு நீ வெங்காயம் பிடுங்கிக்கிட்டு இருப்பியா? நாளைக்கு அவங்க என்ன நினைப்பாங்க, இது அப்பன் ஆத்தா இல்லாத புள்ளைன்னு நினைப்பாங்க."

கேட்டதும் சுருக்கென்றது. உண்மைதானே? நேரில் போய் அழைக்காத விசேஷத்துக்கு நம் ஊரில் யார் போவார்கள்?

மூன்று பேரில் இரண்டு பேர் வெகு தூரத்து ஊர். தேர்வுக்குத் தலைமை தாங்குகிறவர் மட்டும் கடற்கரையில் தராகோனாவில் குடியிருந்தார். மெர்ஸே என்று ஓர் அம்மாள். மதுராவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், பிள்ளைகள் எதற்குத்தான் வேண்டும் என்றிருக்கிறார்கள். பார்சிலோனாவில் பாகிஸ்தான்காரர் கடையில் வெற்றிலை வாங்கினேன். பாக்கு, வாழைப்பழம், தேங்காய், குங்குமம். கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் தட்டை வசந்தாவுக்குத் தெரியாமல் எடுத்தேன். அதில் எல்லாம் வைத்து, பக்கத்தில் என் நிலத்துக் கல்சோட் ஒரு கட்டு, வேர் கழுவி, நூல் சுற்றி. அந்தத் தட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்குக்கூட அப்படிப் போகாது.

கதவைத் திறந்தவர் ஒல்லியான அம்மாள். வெள்ளைத் தலை, வீட்டுச் செருப்பு. நான் மதுராவின் அப்பா என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நாளை மறுநாள் உங்கள் மகளுக்குத் தேர்வு. அதற்கு நான்தான் தலைவர். தெரியுமா?"

"தெரிந்துதானம்மா வந்திருக்கிறேன்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது."

எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. படித்த அம்மாள், நாகரிகம் தெரிந்தவர் என்று நினைத்தேன். நம் பக்கம் தட்டை நீட்டியதும், "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லாமல் யாராவது லபக்கென்று வாங்குவார்களா? நாமும் விடாமல் வற்புறுத்துவோம், அவர்களும் மறுப்பார்கள், கடைசியில் வாங்கிக்கொள்வார்கள். அதுதானே முறை. நான் வற்புறுத்தினேன். அவர் மறுத்தார். இன்னும் வற்புறுத்தினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரொம்பக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று தட்டை மிதியடி மேல் பதவிசாக வைத்து, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வழியில் வண்டியை நிறுத்திக் காபி குடித்தேன். காபிக் கடைக்காரரிடம் என் மகளைப் பற்றியும் சொன்னேன்.

5

வீட்டுக்குள் நுழையும்போதே மதுரா கூடத்தில் நின்றிருந்தாள். நான் கிளம்பிய பிறகு பார்சிலோனாவிலிருந்து வந்திருக்கிறாள். முகம் சரியில்லை.

"என்னப்பா பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? முறையா அழைச்சுட்டு வந்தேன்."

"அவங்க என் ஆராய்ச்சி வழிகாட்டிக்குப் போன் பண்ணிட்டாங்க. இந்தத் தேர்வுக்கு இனிமே தலைவரா இருக்க முடியாதுங்கறாங்க. வேற ஆளப் போட மாசக்கணக்கா ஆகும்பா. வேலை போயிடும். இத்தனை வருஷம்..."

போனைச் சோபாவில் வீசிவிட்டு அழுதாள்.

"வெத்தல பாக்குக்கா இத்தனை?"

"லஞ்சம்பா! அவங்களுக்கு அது லஞ்சம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரப் பார்த்து? லஞ்சம் குடுக்கிறவன் வாசப்படியில வச்சு மணியடிச்சுட்டா வருவான்? மேசைக்கு அடியில நீட்டுவான், யாரும் பார்க்காத நேரம் பார்த்து நீட்டுவான். நம்ம ஊரு ஆபீஸுல நான் பார்க்காததா? தெருவே பார்க்கத் தட்டுத் தூக்கிட்டுப் போறவன் எவன்டி லஞ்சக்காரன்?"

வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். "ஏங்க, அந்த எவர்சில்வர் தட்டு எங்க?" என்றாள். அவளுக்கே விளங்கிவிட்டது. "என் தட்டையும் கொண்டுபோயி, என் புள்ள படிப்பையும் கொண்டுபோயி அந்தம்மா வாசல்ல வச்சுட்டு வந்திருக்கீங்க" என்றாள். அரியலூர்க்காரிகள் சத்தம் போடமாட்டார்கள். மெதுவாகத்தான் சொல்வார்கள்.

மதுரா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிற முகத்தில் என்னவோ யோசனை ஓடியது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெங்காயக் கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வெளியே நின்றேன். அவள் பேசுவது மட்டும் கேட்டது.

"அது பரிசு இல்லை, அழைப்பு. எங்கள் ஊரில் அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னால் இருந்த முறை. வாங்கிக்கொண்டவர் வந்தாக வேண்டும், அவ்வளவுதான். ஜெயிக்க வைக்க வேண்டும் என்று இல்லை... இல்லை, நீங்கள் மறுத்தது அவருக்கு மறுப்பாகப் படவில்லை. எங்கள் ஊரில் முதலில் எல்லோரும் மறுப்பார்கள்... ஒளிக்கிறவர் வாசலில் வைத்து மணியடிப்பாரா?"

நான் சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று பெருமையாக இருந்தது. பிறகு நெடுநேரம், "சரி, சரி" என்பது மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கம் அந்த அம்மாள் பேசுகிறார் போல. கொட்டகைச் சுவரில் காதை வைத்தேன். வளைகுடாவில் முதலாளி என் பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்த அன்றுகூட ஒருவர் பேச்சை ஒட்டுக் கேட்காதவன் நான்.

வெளியே வந்தாள்.

"அவங்களே தலைவரா இருக்காங்களாம். தட்டை அவங்களே தேர்வு நடக்கிற கூடத்துக்குக் கொண்டு வருவாங்களாம். என்ன ஏதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, முன் மேசையில வச்சிடுவாங்களாம். முடிவு சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"அவ்வளவுதானே! நான்தான் சொன்னேனே..."

"இருங்கப்பா. நீங்க வரலாம், ஆனா பேசக் கூடாதாம். ஒரு வார்த்த கூட. அதுக்கு நான் பொறுப்பு எடுத்துக்கிட்டேன்." கையை நீட்டினாள். "மதுரகாளி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வசந்தா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்த அம்மனே வந்து வாயப் பொத்தினாத்தான் உண்டு" என்றாள்.

6

பெரிய கூடம். மரப் பலகைச் சுவர். முன் மேசையில் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே எங்கள் கல்யாணத் தட்டு. வெற்றிலை கொஞ்சம் வாடியிருந்தது, கல்சோட் மட்டும் கம்பீரமாக இருந்தது. அந்த அம்மாள் எழுந்து, இது என்ன, யார் கொண்டுவந்தது, ஏன் இங்கே இருக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் எழுந்து நின்று கும்பிட்டு, தேங்காயிலிருந்து ஆரம்பித்து விளக்கியிருப்பேன். உட்கார்ந்தே இருந்தேன்.

மதுரா பேசினாள். பழைய எழுத்துகளைத் திரையில் காட்டினாள். என் பஸ்தான் ஓடியது. முதலில் பின் சீட்டு, அப்புறம் நெடுங்காலம் இரண்டு சீட்டிலும் மாறி மாறி, கடைசியில் முன் சீட்டு. பாதி புரிந்தது. மீதி, அவள் நின்ற தினுசிலேயே தெரிந்தது.

அப்புறம் அந்த அம்மாள் கேள்வி கேட்டுப் பிடித்தார். தட்டு வந்துவிட்டதே, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று மற்ற இருவரையும்விடக் கடுமையாகவே பிடித்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஏட்டில், ஒரே பக்கத்தில் இரண்டு விதமும் இருக்கிறதே, எழுதியவருக்கு மொழி தெரியாதா? படி எடுத்தவர் செய்த பிழையை நீ மாற்றம் என்கிறாயா? மதுரா ஒவ்வொன்றுக்கும் தாளைப் புரட்டிப் பதில் சொன்னாள். ஓரிடத்தில், "இது எனக்குத் தெரியவில்லை" என்றாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசியில் கேட்டார்: "சரி, இதை யார் மாற்றினார்கள்?"

மதுரா தாள்களை மூடி வைத்தாள்.

"யாரும் மாற்றவில்லை. ஒவ்வொருவரும் தன் அம்மா அப்பா பேசிய மாதிரியேதான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் என் அப்பா தினமும் என் தமிழைத் திருத்துவார். சொற்களை இடம் மாற்றி வைக்கிறேன் என்பார். ஆனால் நான் யாருடைய தமிழைப் பேசுகிறேன் என்று என்னைக் கேட்டால், என் அப்பாவுடையதைத்தான் பேசுகிறேன் என்றுதான் சொல்வேன். எனக்கு வேறு யாருடைய தமிழும் தெரியாது. அந்த ஏட்டை எழுதியவரைக் கேட்டிருந்தாலும் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்."

மற்ற இரண்டு பேராசிரியர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சொல்ல ஆயிரம் பேச்சு இருந்தது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள், "கூடத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் யாராவது பேச விரும்பினால் பேசலாம்" என்றார். அப்படி ஒரு வழக்கமாம். என் முழங்கால் தானாக எழுந்தது. வசந்தா என் கோட்டு நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்றும் அந்தக் கோட்டில் சுருக்கம் இருக்கிறது.

முடிவெடுக்க மூன்று பேரும் உள்ளே போனார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். மதுராவின் சிநேகிதர்கள் வந்து வந்து கை கொடுத்தார்கள். என்னென்னவோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். "உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள் வசந்தா. அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

7

அவர்கள் கொடுக்கக் கூடிய பெரிய மதிப்பெண்ணைக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் கையெழுத்தெல்லாம் போட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு, முன் மேசையைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

மதுரா ஓடி வந்து என் காதருகே சொன்னாள்: "இப்ப பேசலாம்பா. பேசுங்க."

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றும் வரவில்லை. அவர்கள் மொழியும் வரவில்லை, நம் மொழியும் வரவில்லை. போய்த் தட்டை எடுத்தேன். நீட்டினேன்.

அந்த அம்மாள் உடனே வாங்கவில்லை. மதுராவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தமிழில் சொன்னார்:

"எதுக்குங்க இதெல்லாம்?"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் எல்லோரும் என் நிலத்துக்கு வந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் விருந்து வைப்பது இங்கேயும் வழக்கம்தானாம். இது முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தட்டோடு நான் தராகோனா போயிருக்கவே மாட்டேன் என்று வசந்தா சொல்கிறாள். போயிருப்பேன். திராட்சைக் குச்சி நெருப்பில் கல்சோட் சுட்டோம். பேராசிரியர் அம்மாள் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு அண்ணாந்து தின்றார். வால்ஸ் வட்டாரத்திலேயே என் நிலத்துக் கல்சோட்தான் இனிப்பு என்று அவர் சொன்னார். நானாகச் சொல்லவில்லை, சாட்சி இருக்கிறது.

மதுரா கையெல்லாம் கரியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுங்கப்பா எனக்கு தண்ணி" என்றாள்.

கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

இதையும் அக்காவிடம் சொன்னேன். அன்று முழுக்க வாய் திறக்காததை மட்டும் இல்லை, அதற்கப்புறம் இந்த ஒரு வருஷமாக மதுராவை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை என்பதையும். போனில் இட்லிச் சட்டி மூடி விழுகிற சத்தம் கேட்டது.

"அது கூட நம்பலாம்டா," என்றது அக்கா. "இது அதவிடப் பெரிய பொய்யால்ல இருக்கு."